நாள்தோறும் நடக்கிறேன், ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை: உடல் வலிமையும் உடல்நலமும் ஒன்றா, வேறா?

நடைவிரும்பி (கேள்வி)

எனக்கு 61 வயது ஆகிறது. கடந்த 11 ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து வருகிறேன். மழை பெய்யும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுவதால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் விட்டுப்போனதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும் அளவுக்குள் இருக்கின்றன. ஆண்டுதோறும் செய்துகொள்ளும் பரிசோதனையில் மருத்துவர் குறையாக எதையும் சொன்னதில்லை. ஆகவே என் உடல்நலத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

சென்ற மாதம் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு எழ முயன்றபோது என்னால் எழ முடியவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. காலை ஊன்றி உடலை மேலே தூக்க வேண்டிய கட்டத்தில் தொடைகளில் வலு இல்லாமல் மீண்டும் அமர்ந்துவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டுதான் எழுந்தேன். இது ஒரே நாளில் வந்ததன்று என்பது, அதற்குப் பின் என்னை நானே கவனித்துப் பார்த்தபோது தெரிந்தது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து உடலை இழுத்துக்கொள்கிறேன். தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போது முன்னும் பின்னுமாக ஒருமுறை ஆடி, அந்த வேகத்தில் எழுகிறேன். இறுக மூடிய டப்பாக்களை மகனிடம் கொடுத்துத் திறக்கச் சொல்கிறேன். இவையெல்லாம் எப்போது தொடங்கின என்பது எனக்கே நினைவில்லை.

என் ஐயம் இதுதான். இதயமும் இரத்தமும் நலமாக இருக்கும்போது, வலிமை குறைந்ததை ஒரு நோயாகக் கொள்ள வேண்டுமா, அல்லது வயதானால் இயல்பாக வருவது என்று விட்டுவிடலாமா? வலிமை என்பது விளையாட்டு வீரர்களுக்கும் உடல் உழைப்பாளர்களுக்கும் வேண்டிய ஒன்று, உடல்நலம் என்பது அதிலிருந்து வேறானது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் விசாரித்தபோது, இந்த வயதில் எடை தூக்குவது ஆபத்து, நடப்பதே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நடந்துகொண்டிருந்தும் இப்படி ஆகியிருக்கிறதே என்பதற்கு மட்டும் யாரும் விடை சொல்லவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இயன்முறையாளர்

ஐயா, நான் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். தவறாமல் நடந்தும் தொடையின் வலுவை இழந்துவிட்டவர்களை ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நடை ஏன் உங்கள் தொடைகளைக் காக்கவில்லை என்பதை முதலில் பார்ப்போம். சமதளத்தில் நடக்கும்போது, உடல் எடையைத் தாங்கி நிற்கும் காலின் முழங்கால் 15 முதல் 20 பாகை வரைதான் மடங்குகிறது. அடுத்த அடிக்காக முன்னே வீசப்படும் கால் 60 பாகை அளவுக்கு மடங்கினாலும், அப்போது அதன்மேல் எடை ஏதும் இல்லை. தரையிலிருந்து எழுவதற்கோ, முழங்கால் 90 பாகைக்கும் மேல் மடங்கியிருக்கும் நிலையில் தொடையின் முன்புறத் தசையும் பிட்டத்தின் தசையும் சேர்ந்து உடலைத் தூக்கியாக வேண்டும். அந்த நிலையில் அவ்வளவு சுமையோடு உங்கள் தசைகள் 11 ஆண்டுகளில் எத்தனை முறை வேலை செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாற்காலி, கட்டில், உயரமான கழிப்பறை இருக்கை என்று நாள் முழுவதும் உயரமான இடங்களிலேயே அமர்ந்து எழுபவருக்கு அந்த வாய்ப்பு வருவதே இல்லை.

இன்னொரு காரணம் தசையின் அமைப்பிலேயே இருக்கிறது. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் இழைகளும், விரைந்து சுருங்கி மிகுந்த விசையைத் தந்து சீக்கிரம் களைத்துவிடும் இழைகளும் ஒரே தசையில் கலந்திருக்கின்றன. தசையை இயக்கும் நரம்பணுக்களில் சிறியவை முதலிலும் பெரியவை பின்னருமாக வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்பதை எல்வுட் ஹென்னெமன் என்ற உடலியங்கியல் அறிஞர் 1957 தொடங்கி வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். எளிய வேலைக்குச் சிறிய அணுக்களும் அவற்றின் மெது இழைகளுமே போதுமானவை. எனவே நிதானமான நடை ஒரு மணி நேரம் நீண்டாலும் மூன்று மணி நேரம் நீண்டாலும், விரைவு இழைகளுக்குப் பெரும்பாலும் அழைப்பே போவதில்லை. வயது ஏறும்போது முதலில் மெலிவதும் எண்ணிக்கையில் குறைவதும் அந்த விரைவு இழைகள்தாம். நீங்கள் நடந்து காத்துக்கொண்டது ஒன்று. உங்களிடமிருந்து நழுவிப் போனது வேறொன்று.

அடுத்து, இதை நோயாகக் கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதோடு தசை இழப்பதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். சதை, இழப்பு என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. ஒன்றுக்குப் பெயர் இல்லாதவரை அதை யாரும் அளப்பதில்லை என்பதால், அந்தப் பெயரிடலே ஒரு பெரிய வேலை என்று நான் கருதுகிறேன். 2019-இல் வெளியான ஐரோப்பிய வல்லுநர் குழுவின் திருத்திய வரையறை, தசையின் பருமனைவிட வலிமையையே முதல் அளவுகோலாக வைக்கிறது. கைப்பிடி வலிமை, அதாவது கையால் இறுகப் பிடிக்கும் விசை, ஆண்களுக்கு 27 கிலோவுக்கும் பெண்களுக்கு 16 கிலோவுக்கும் குறைந்தாலோ, கைகளைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 15 நொடிக்கு மேல் ஆனாலோ, அது கவனிக்க வேண்டிய நிலை. இரண்டாவது சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில், ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள்.

வலிமை உடல்நலத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு ஒரு சான்று. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. பிடியின் வலிமை 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பை முன்கூட்டி உணர்த்துவதில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடக் கைப்பிடியே வலுவான அடையாளமாக இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர் கைப்பிடிச் சுருளை வாங்கி அழுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அது பொருளற்றது. கைப்பிடி, உடல் முழுவதிலும் உள்ள தசையின் நிலையைக் காட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. வெப்பமானியைத் தண்ணீரில் நனைப்பதால் காய்ச்சல் இறங்கிவிடாது.

தசை நம்மை நகர்த்துவதோடு நின்றுவிடுவதில்லை. இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில் மிகப் பெரும் பங்கு எலும்புத்தசைக்கே போகிறது. அதைவிட வியப்பானது, சுருங்கிக்கொண்டிருக்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள், இன்சுலின் தட்டாமலேயே கதவைத் திறந்துவிடுகின்றன. தசை குறைந்தவருக்குச் சர்க்கரையை வைக்க இடமும் குறைகிறது. எலும்புக்கும் இதே கதைதான்: தசை இழுக்கும் விசையை உணர்ந்துதான் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருப்பது இதனால்தான்.

கடைசியாக, வயதைப் பற்றி. 1990-இல் மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு 8 வாரம் கடுமையான எடைப் பயிற்சி அளித்தது. பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவர்களுக்குத் திரும்பியது உங்களுக்குத் திரும்பாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அறிவுரை தவறானது, அதனால் ஆண்டுகள் வீணாகின்றன என்பதை மனவருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

தாயின்துணை

மேலே உள்ளதைப் படித்ததும் என் அம்மாவுக்கு நேர்ந்ததை எழுதத் தோன்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் தொற்றால் அவர் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். அப்போது அவருக்கு 74 வயது. நோய் முழுமையாகக் குணமானது, மூச்சும் சீரானது. ஆனால் தானாக நடந்து உள்ளே சென்றவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் வெளியே அழைத்து வந்தோம். விழுந்துவிடுவார் என்ற அச்சத்தில் அந்த மூன்று வாரமும் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. நாங்களும் அதை ஓய்வு என்றே நினைத்தோம். குளியலறைக்குச் செல்ல அவர் எழ முயன்றபோதெல்லாம் தடுத்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பின்னர்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1966-இல் டாலஸ் நகரில் உடல்நலமுள்ள 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு 30 ஆண்டு முதுமை செய்த கேட்டைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. முதியவர்களின் நிலை இன்னும் கடினம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் 10 நாள் படுத்திருந்ததில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசையை இழந்தார்கள்.

அம்மாவை மீட்டது நடை அன்று. முதலில் அவரால் நடக்கவே முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, நான் முன்னால் நின்று கைகளைப் பற்றிக்கொள்ள, எழுந்து நின்று மெல்ல அமர்வது, அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு வேளைக்கு மூன்று முறை. கட்டிலின் மேல் இரண்டு மெத்தைகள் போட்டு உயர்த்தியிருந்தோம். நான்காவது வாரத்தில் ஒன்றை எடுத்தோம், ஏழாவது வாரத்தில் மற்றொன்றையும் எடுத்தோம். இப்போது அவர் எவர் துணையும் இல்லாமல் எழுகிறார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரும், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் 'இவர் இன்று எழுந்து நிற்கலாமா' என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெடுவழி

இயன்முறையாளர் எழுதியதில் தவறு ஏதும் இல்லை. இருந்தாலும் இதைப் படிப்பவர்கள் நடையைக் கைவிட்டு எடையைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற கவலை எனக்கு உண்டு, ஏனெனில் நானே அப்படிச் செய்தவன். முப்பதுகளில் ஆறு ஆண்டுகள் எடை தூக்குவதை மட்டுமே செய்தேன். என் உடல் எடையைப் போல இரு மடங்கைத் தரையிலிருந்து தூக்க முடிந்த காலத்தில், நான்கு மாடி ஏறினால் பேச முடியாமல் நிற்பேன். வலிமை இருந்தது, அந்த வலிமைக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இல்லை. சுருக்கமான பெருமுயற்சிகளால் தசை வளர்கிறது. ஆனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றவும், தசைக்குள் இரத்த நுண்குழாய்களும், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகவும் தொடர்ச்சியான அசைவு வேண்டும்.

உடல் அசைவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 1953-இல் ஜெர்மி மாரிஸ் வெளியிட்டது. லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. நடத்துநர்கள் எவரும் எடை தூக்கவில்லை. ஆகவே கேள்வி கேட்ட ஐயாவின் 11 ஆண்டு நடை வீண் என்று ஒருவரும் எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளவுக்குள் இருப்பதில் அந்த நடைக்குப் பங்கு இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாட்களாவது முக்கியத் தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றோடு சமநிலைக்கான பயிற்சியும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் என்பதே அதன் சாரம். சமநிலையைப் பற்றி இந்த உரையாடலில் இதுவரை யாரும் பேசவில்லை. தடுக்கி விழப்போகும் ஒருவரைக் காப்பது, அரை நொடிக்குள் காலை முன்வைத்து ஊன்றும் திறன். அதற்கு வலிமை மட்டும் போதாது, வேகமும் வேண்டும்; வயதோடு வலிமை குறைவதைவிட அந்த வேகம் இன்னும் விரைவாகக் குறைகிறது. உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு கண்டது. அதில் முதன்மையான பங்கு சமநிலைப் பயிற்சிகளுக்கே உரியது.

இயன்முறையாளர்

நெடுவழி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நடையின் இடத்தில் வலிமைப் பயிற்சியை வைக்கச் சொல்வது என் நோக்கம் அன்று. என் முதல் பதிலில் அதைத் தெளிவாகச் சொல்லாதது என் குறை.

நடைவிரும்பி

அனைவருக்கும் நன்றி. ஐந்து முறை எழுந்து அமரும் சோதனையைச் செய்து பார்த்தேன். 17 நொடி ஆனது. எண்ணாக அதைப் பார்த்ததும் வருத்தமாகத்தான் இருந்தது.

தொடங்கிவிட எண்ணுகிறேன்; ஆனால் இரண்டு அச்சங்கள் தடுக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் வலது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அதிகம் படியேறினால் அந்த மூட்டின் உட்புறம் வலிக்கும். தேய்ந்த மூட்டின்மேல் மேலும் சுமையை ஏற்றினால் இன்னும் தேய்ந்துவிடாதா? மற்றொன்று, இரத்த அழுத்தம் இப்போது அளவுக்குள் இருந்தாலும் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. எடை தூக்கும்போது அழுத்தம் ஏறும் என்கிறார்களே?

இயன்முறையாளர்

'தேய்மானம்' என்ற சொல்லே மக்களை அச்சுறுத்தி முடக்கிவிடுகிறது என்பது என் நீண்ட நாள் மனக்குறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வருகிறது. உருள உருளத் தேயும், ஆகவே உருட்டாமல் வைப்போம் என்று தோன்றுகிறது. மூட்டு உயிருள்ளது. அதன் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் உள்ள திரவத்திலிருந்துதான் அது ஊட்டத்தைப் பெறுகிறது. சுமை ஏறும்போது பஞ்சைப் பிழிவதுபோல் திரவம் வெளியேறுகிறது, சுமை இறங்கும்போது மீண்டும் உள்ளே வருகிறது. அசைவையும் சுமையையும் முற்றிலும் நிறுத்தினால் குருத்தெலும்பு மெலிகிறது. மேலும், காலை ஊன்றும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்கிக்கொள்வது தொடையின் முன்புறத் தசை. அது மெலிந்தால் அந்த வேலை முழுவதும் மூட்டின் தலையில் விழுகிறது. முழங்கால் மூட்டுவாதத்துக்கு மாத்திரைக்கும் ஊசிக்கும் முன்பாகத் தசைப் பயிற்சியை உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பது இதனால்தான். பயிற்சியின்போது சிறிது வலி இருந்து மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு உங்களுக்கு ஏற்றது. மறுநாளும் வலி கூடியே இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும், பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இரத்த அழுத்தம் பற்றிய அச்சத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மை பெரும்பாலும் மூச்சில் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்கும்போது அழுத்தம் அந்தச் சில நொடிகளுக்கு மிக உயரத்துக்கு ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட்டு, அமரும்போது உள்ளே இழுத்தால் அந்த ஏற்றம் பெரிதும் குறையும். உரக்க எண்ணிக்கொண்டே செய்வது எளிய வழி, ஏனெனில் பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. தொடர்ந்து செய்துவரும் பயிற்சியோ, ஓய்வு நேரத்து அழுத்தத்தை ஓரளவு குறைக்கவே செய்கிறது. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், உழைக்கும்போது நெஞ்சு வலி, குடலிறக்கம், அண்மையில் செய்துகொண்ட கண் அறுவை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

தொடக்கத்துக்கு உங்களுக்கு எடையே தேவையில்லை. கைகளை ஊன்றாமல் எட்டு முறை எழ முடிகிற உயரத்துக்கு நாற்காலியின்மேல் மெத்தை வைத்துக்கொள்ளுங்கள். எழுவது இயல்பான வேகத்தில் இருக்கட்டும். அமர்வதை மட்டும் மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெல்லச் செய்யுங்கள், ஏனெனில் இறங்கும்போதும் தசை முழு விசையோடு உழைக்கிறது, அந்த உழைப்பைப் பெரும்பாலோர் தொப்பென்று அமர்ந்து வீணாக்கிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திச் சற்று ஓய்வெடுத்து, இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்றுகள், வாரத்தில் இரண்டு நாள் போதும். இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். முதல் வாரத்தில் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும்; பழகாத வேலையால் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் வலி அது, தானே ஆறிவிடும்.

எட்டு என்பது பன்னிரண்டு ஆனதும் மெத்தையை எடுத்துவிட வேண்டும், பிறகு இன்னும் தாழ்வான இருக்கைக்குப் போக வேண்டும், அதற்குப் பின் கையில் எடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படிப்படியான ஏற்றம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த தாமஸ் டெலோர்ம், 1945-இல் வெளியிட்ட கட்டுரையில் மெலிந்த தசைக்கு அது தாங்கும் அளவில் கனமான எடையையே கொடுத்து மீட்கும் முறையை முன்வைத்தார். வலு கூடக் கூட எடையையும் கூட்டிச் செல்லும் வழக்கம் அங்கிருந்துதான் மருத்துவமனைகளில் வேரூன்றியது. ஒரே அளவிலேயே ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருந்தால், உங்கள் நடைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் தொடை பருக்கவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். தொடக்கத்தில் வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்பினுடையது: இதுவரை அழைக்கப்படாமல் கிடந்த இழைகளை மூளை மீண்டும் அழைக்கக் கற்றுக்கொள்கிறது. தசை அதற்குப் பிறகு வளரும்.

எலும்புநலம்

எனக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று பல பேர் எச்சரித்தார்கள். ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், என்னைப் போன்ற பெண்கள் பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் வாரத்துக்கு இருமுறை, 30 நிமிடம் கனமான எடைகளைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கோ 1.2 விழுக்காடு குறைந்தது. கண்காணிப்பு என்ற சொல்லை வலியுறுத்திச் சொல்கிறேன். முதுகை வளைத்துத் தூக்குவது எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையாகவே ஆபத்தானது. நான் முதல் ஆறு மாதம் தகுதி பெற்ற ஒருவரின் முன்னிலையில் மட்டுமே செய்தேன்.

நடைவிரும்பி

பத்து வாரம் கழித்து எழுதுகிறேன். நடையை விடவில்லை, செவ்வாயும் வெள்ளியும் அதை அரை மணியாகக் குறைத்துக்கொண்டு வலிமைப் பயிற்சி செய்கிறேன். மெத்தை போய்விட்டது; இப்போது இரு கைகளிலும் மூன்று கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். ஐந்து முறை எழுந்து அமர 12 நொடி ஆகிறது. வலது முழங்காலில் இரண்டாவது வாரம் வலி கூடியது. மறுநாளும் தங்கியதால் நீங்கள் சொன்னபடி ஒரு சுற்றைக் குறைத்தேன், அதற்குப் பின் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்வைத்துத் தரையிலிருந்து எழவும் பழகி வருகிறேன். வலது காலை முன்வைத்தால் எதையும் பிடிக்காமல் எழ முடிகிறது. இடது காலை முன்வைக்கும்போது மட்டும் தொடையில் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. வலி இருப்பது வலது காலில், வலுவின்மையோ இடது காலில் இருப்பது எனக்குப் புதிராக இருக்கிறது. இதற்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

இயன்முறையாளர்

மிகுந்த மகிழ்ச்சி ஐயா. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. இத்தனை ஆண்டுகளும் எழும்போது வலது காலையே முன்வைத்துப் பழகியிருக்கலாம், அதனால் அதற்கே வலுவும் சுமையும் கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம். களைப்பு வருவதற்கு முன், ஒவ்வொரு சுற்றையும் இடது காலிலிருந்தே தொடங்குங்கள். இடது காலால் எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை மட்டுமே வலது காலுக்கும் கொடுங்கள். தாழ்வான ஒரு படியின்மேல் இடது காலை வைத்து ஏறி, மூன்று நொடியில் மெல்ல இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். ஆறு வாரம் கழித்தும் வேறுபாடு குறையாவிட்டாலோ, இடது காலில் மரத்துப்போதலோ முதுகிலிருந்து இறங்கும் வலியோ இருந்தாலோ, நரம்பைச் சோதிக்க வேண்டியிருக்கும். அப்போது மருத்துவரை நேரில் பாருங்கள்.